தாள் பதினான்கில் உள்ளவர்கள்

அதிகாரி மரங்களை எண்ணினார். நாற்பத்தாறு. வரைபடத்திலும் நாற்பத்தாறு. டிக் போட்டார்.

பெஞ்சுகள் பன்னிரண்டு. டிக். குளம் ஒன்று. குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. டிக்.

பிறகு புல்வெளியின் நடுவில் நின்று தாள் பதினான்கை விரித்தார். முழு வளாகத்தையும் வண்ணத்தில் காட்டும் தாள் அது. மூன்று மாடி அலுவலகம், சுற்றிலும் மரங்கள், மரத்தடியில் ஆட்கள். தாளையும் புல்வெளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆளுங்க எங்கம்மா?"

"எந்த ஆளுங்க சார்?"

"இதுல ஆறு பேர் இருக்காங்க. இங்க ஒருத்தரையும் காணோமே."

அந்த வளாகத்தின் ஆர்க்கிடெக்ட் நான். பதினோரு வருடம் பிறருடைய கட்டடங்களுக்குப் படிக்கட்டும் கழிவறையும் வரைந்தவள். ஒரு வீட்டை விட்டால், முழுதாக என் கையெழுத்தில் எழுந்த முதல் கட்டடம் இது. நகரத்துக்கு வெளியே, முந்நூறு பேர் வேலை செய்ய. சமூகம், நல்வாழ்வு, பசுமை என்று மூன்று சொற்களைக் கொடுத்து, இதைக் கட்டு என்றார்கள். கட்டினேன். நல்வாழ்வுச் சான்றிதழ் மட்டும் பாக்கி. அது வந்தால் திறக்கலாம்.

"சார், அது அளவுக்காகப் போடறது. மரம் எவ்வளவு உயரம்னு தெரியறதுக்கு. எல்லா ஆர்க்கிடெக்டும் ஆள் போடுவாங்க."

"எல்லாரும் நிழல் மாதிரி போடுவாங்க. மூஞ்சி இருக்காது. நீங்க மூஞ்சி போட்டிருக்கீங்க." விரலால் தட்டிக் காட்டினார். "சீல் விழுந்திருக்கு பாருங்க. இவரு நெத்தி மேலயே."

அது என் சித்தப்பாவின் நெற்றி.

"அங்கீகரிச்ச தாள்ல என்ன இருக்கோ, அது எடத்துல இருக்கணும். இல்லன்னா விலகல். விலகலுக்குக் கையெழுத்துப் போட்டவங்க பொறுப்பு. ஒரு வருஷம் நீங்க எந்த வரைபடத்துலயும் கையெழுத்துப் போட முடியாது."

"வேற ஆறு பேரை உக்கார வைக்கலாமா?"

"குளம்னு காட்டிட்டு கிணறு வெட்டினா விடுவேனா?"

வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தவறு என்னுடையதுதான். வரைபடத்தில் ஒட்டுவதற்கென்று எங்கள் அலுவலகத்தில் ஆட்கள் அடங்கிய கோப்பு ஒன்று உண்டு. எல்லோரும் ஒல்லி. எல்லோரிடமும் சைக்கிள். கட்டடம் கேட்ட நிறுவனத்தின் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, "யாருமே சிரிக்கலியே மேடம்" என்றார். எதற்கெடுத்தாலும் ஆக்சிஜன் என்பவர் அவர். எங்களுக்குள் அவர் பெயரே ஆக்சிஜன். "சிரிப்புதான் மேடம் ஆக்சிஜன்." அன்று மாலைக்குள் தாளை ஒப்படைக்க வேண்டும். என் போனில் கூட்டமாகச் சிரிக்கும் ஆட்கள் இருந்த படம் ஒன்றே ஒன்று. வெட்டினேன். ஒட்டினேன்.

அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், சித்தப்பா, சித்தி, மாமா. அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோன அன்று பின்பக்கத் தோட்டத்தில் நான் எடுத்த படம். அந்த வீட்டை வரைந்ததும் நான்தான்.

ஐந்து பேரைக் கூட்டிவந்துவிடலாம். அண்ணன் என்னோடு பேசி ஆறு வருடம் ஆகிறது.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"உக்காரணும். அவ்வளவுதானே?"

"கையைத் தூக்கிக் காட்டிட்டு உக்காரணும் சித்தப்பா."

"எதைக் காட்டறேன்?"

"தெரியல. படத்துல எதையோ காட்டறீங்க."

"எவ்வளவு நேரம்?"

"அவர் பாத்து முடிக்கற வரைக்கும்."

சித்தி போனைப் பிடுங்கினாள். "அதே சட்டைதான் வேணுமாடி? அது இப்ப தரை துடைக்குது."

மாமா ஒரே கேள்விதான் கேட்டார். "நான் அதுல என்ன பண்றேன்?"

"தூங்கறீங்க மாமா."

"அப்ப வரேன்."

அண்ணன் வீடு என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. அதைச் சுவர் இல்லாமல் வரைந்திருந்தேன். கூடம், சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் ஒரே வெளி. குளியலறைக்கு மட்டும் சுவர் உண்டு. அதுவும் காற்றோட்டத்துக்காகக் கூரைக்கு இரண்டடி கீழே நின்றுவிடும். அந்த வீட்டுக்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து, சித்தப்பா வீட்டில், எல்லோர் முன்னாலும் அண்ணன் சொன்னான்: "இவ கட்டிக் குடுத்தது வீடா? பஸ் ஸ்டாண்டு." "உனக்கு வாழத் தெரியலன்னா வீடு என்ன பண்ணும்" என்றேன். அவ்வளவுதான். அவன் கொத்தனாரைக் கூப்பிட்டான்.

இப்போது அண்ணி கதவைத் திறந்ததும் எதிரே ஒரு சுவர் இருந்தது.

"பாத்து வா. இடப்பக்கம் திரும்பு. இப்ப வலப்பக்கம். தலை இடிக்கும், குனி."

நான்கு பக்கமும் சுவர் இருந்த ஓர் இடத்தில் நின்றோம். கை நீட்டினால் இரண்டு பக்கமும் தொடலாம்.

"இது எந்த ரூம் அண்ணி?"

"இது ரூம் இல்லம்மா. அந்த ரூமுக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல மிச்சம்."

"யாரு வந்திருக்கா?" சுவருக்கு அப்பாலிருந்து அண்ணனின் குரல்.

"உங்க தங்கச்சி."

"எனக்குத் தங்கச்சி இருக்காளா?"

"இருக்கா. முன்னாடிதான் நிக்கறா. கொஞ்சம் இளைச்சிருக்கா."

"எதுக்கு வந்திருக்கான்னு கேளு."

அண்ணி கேட்டாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணனுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கும். அண்ணி அதைச் சுவரிடம் சுருக்கிச் சொன்னாள்.

"புல்லுல உக்காந்து சிரிக்கணுமாம்."

சுவர் செருமியது.

"எத்தனை மாடின்னு கேளு."

"மூணு" என்றேன்.

"யாரு லிஃப்ட் போட்டதுன்னு கேளு."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருடமாக அதுதான் வேலை.

"லிஃப்ட் இல்ல" என்றேன். "ஏறி இறங்கினா உடம்புக்கு நல்லது."

அப்பால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"அண்ணன் பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்குன்னே படிச்சிருக்கா."

"அவளா பண்ணலைங்க. லிஃப்ட் இல்லன்னா சான்றிதழ்ல மார்க் சேத்துக் குடுப்பாங்களாம்."

"வரமாட்டேன்னு சொல்லு."

"நீங்க இருங்க. நாங்க போறோம். வெயில்ல உக்காந்து எவ்வளவு நாளாச்சு. இங்க எந்த ஜன்னல் எந்த ரூமுக்குள்ள மாட்டிக்கிச்சுன்னே தெரியல."

அண்ணன் மகள் ஏதோ ஒரு சுவரின் பின்னாலிருந்து வந்தாள். ஒன்பது வயது. படத்தில் மூன்று.

"அத்தை, படத்துல நான் என்ன பண்றேன்?"

"புல்லைத் தின்னுட்டிருக்க."

"இப்பவும் திங்கணுமா?"

"வாயில வச்சுக்கிட்டா போதும்."

வியாழக்கிழமை காலை வளாகத்தின் வாசலில் முந்நூறு பேரும் இருந்தார்கள். பழைய அலுவலகத்தைக் காலி செய்துவிட்டார்கள். புதியதற்குள் விடவில்லை. மூன்று நாட்களாக வண்டி நிறுத்துமிடத்தில் பேருந்துகளுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். பேருந்துகளுக்கு நடுவில் கயிறு கட்டித் துண்டு காயப்போட்டிருந்தார்கள். ஒருவர் வரிசையாக எல்லோருக்கும் முடி வெட்டினார். கணக்குப் பிரிவில் இரண்டு பேர் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

அதிகாரியிடம் காட்டினேன். "சார், இது சமூகம்தானே?"

"பார்க்கிங் தாள் பதினாலுல வராதும்மா."

புல்வெளியில் ஐந்து பேரும் அவரவர் இடத்தில் அமர்ந்தார்கள். சித்தி தரை துடைத்த சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுச் சித்தப்பாவுக்கு மாட்டியிருந்தாள். மாமா வந்ததும் படுத்தார். படுத்ததும் தூங்கினார். ஆக்சிஜன் ஓடி ஓடி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

பத்தே காலுக்கு அண்ணன் வந்தான். வேலைச் சட்டை, இடுப்பில் டார்ச், கையில் மட்டம் பார்க்கும் ரசமட்டம். என்னைத் தாண்டிப் போய் அண்ணியின் முன் நின்றான்.

"சிரிக்க வரல. எங்கெங்க தப்பு பண்ணியிருக்கான்னு பாக்க வந்தேன்னு சொல்லு."

கட்டடத்துக்குள் போனான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். முகத்தில் எதையோ தேடிக் கிடைக்காதவனின் சலிப்பு. அண்ணிக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில், படத்தில் இருந்தபடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அதிகாரி அளவுநாடாவை எடுத்தார். முதலில் அண்ணன் மகள்.

"மூணடி இருக்கணும். நாலரை இருக்கு."

"வளந்துட்டா சார்."

விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "நட்டது வளந்தா விலகல் ஆகாது. அந்தப் பிரிவுல சேத்துக்கறேன்."

"செடியா நான்?" என்றாள் அவள்.

"பேசாம புல்லைத் தின்னு" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல்.

"தூங்கறவர் பேசக்கூடாது" என்றார் அதிகாரி.

சித்தி, டிக். அண்ணி, டிக். சித்தப்பாவின் கை எந்தக் கோணத்தில் நீண்டிருக்கிறது என்று பார்த்தார். டிக். அதற்குள் வாசலில் நின்ற ஊழியர்களில் நாலைந்து பேர் சித்தப்பா காட்டிய திசையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

அடுத்து அதிகாரி அண்ணனுக்கு முன்னால் வந்து குந்தினார். தாளை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இவர்தானா?"

"இவர்தான் சார்."

"இதுல பதினோரு பல்லு தெரியுது. இங்க ஒண்ணும் தெரியலியே."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம்.

"சார், கொஞ்சம் சிரிங்க" என்றார் ஆக்சிஜன். "சிரிச்சா ஆக்சிஜன் உள்ள போகும்."

"சிரிக்காமயே போயிட்டுதான் இருக்கு."

"டேய், சிரிடா. என் கை கழண்டுரும்" என்றார் சித்தப்பா.

"பல்லை மட்டும் காட்டேன்டா" என்றாள் சித்தி. "உனக்கென்ன, சொத்தைப் பல்லா?"

அண்ணன் அண்ணியிடம் சொன்னான்: "சிரிக்கற மாதிரி இங்க என்ன இருக்குன்னு அவகிட்ட கேளு."

நாங்கள் சுற்றிலும் பார்த்தோம். ஒன்பது வயதுப் பெண் வாயில் புல்லோடு உட்கார்ந்திருந்தாள். ஒருவர் அரை மணி நேரமாக வெறும் வானத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் உத்தரவின் பேரில் தூங்கினார். சிரிக்கும்படி யாருக்கும் ஒன்றும் தென்படவில்லை.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. புத்தகத்தில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்.

"கட்டியபடி வரைபடம்னு ஒண்ணு இருக்கு, தெரியும்ல? வேலை நடக்கறப்ப ஏதாவது மாறியிருந்தா, மாறினபடியே வரைஞ்சு, கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம். இவரு சிரிக்கலன்னு வரைஞ்சுடுங்க. ஒரு மணி வரைக்கும் இருக்கேன்."

தாள் பதினான்கின் நகலில் அண்ணன் முகத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் பலகையில் பொருத்தி, அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஆறு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் அவனைப் பார்த்ததில்லை. காதோரம் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு கோடுகள் புதிது.

"மோவாயைக் கொஞ்சம் தூக்கு" என்றேன்.

அவன் பதில் சொல்ல அண்ணியைத் தேடினான். அண்ணி முகத்தை வெயிலுக்குக் காட்டிக் கண்ணை மூடியிருந்தாள். எழுப்பினாலும் எழமாட்டாள் என்று தெரிந்தது.

"இவ்வளவு போதுமா?" என்றான் என்னிடம்.

"போதும்."

வரைந்தேன்.

"மூக்கு அவ்வளவு பெருசாவா இருக்கு?"

"இருக்கறதத்தான் போடணும்."

"அளந்து போடு."

பென்சிலை நீட்டிக் கண்ணை இடுக்கி அளந்தேன். சரியாகத்தான் இருந்தது.

"வீட்டுல எதுக்கு சுவர் வச்சேன் தெரியுமா?" என்றான்.

"என்னைக் குத்திக் காட்டறதுக்கு."

"உனக்கு ஒரு சுவர் போதாதா? ஒன்பதா வைப்பேன்?"

நான் புருவத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"குடிபோன மறுமாசம், என்கூட வேலை பாத்தவன் லிஃப்ட் குழியில விழுந்துட்டான். எட்டாவது மாடி. நான்தான் அவனுக்கு பெல்ட் மாட்டிவிட்டேன்."

என் கை நின்றது.

"எனக்கு யாரும் சொல்லல."

"யாருக்குத் தெரியும் சொல்றதுக்கு? வீட்டுக்கு வந்தா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தர் பாத்துட்டிருப்பாங்க. குழந்தை ஏம்ப்பா ஏம்ப்பான்னு கேக்கும். பாத்ரூம்ல மூக்கைச் சிந்தினா அடுப்படியில கேக்கும். அதனால வேலைக்குப் போற எடத்துல லிஃப்ட்டுக்குள்ள ஏறி, அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல நிறுத்திட்டு அழுவேன். நாலு மாசம். ஒருவாட்டி உள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? நம்பர் எப்ப மாறும்னு மேலயே பாத்துட்டு நின்னாங்க. நான் அழுது முடிச்சதும் ஆறாவது மாடியில எறங்கிப் போனாங்க. ஒருத்தர் தேங்க்ஸ்னு சொன்னாரு."

நான் அழிப்பானை எடுத்தேன். அழிக்க ஒன்றும் இல்லை. கீழே வைத்தேன்.

"இப்ப ஒரு மணி நேரம் உன் கட்டடத்தைச் சுத்தினேன்" என்றான். "இங்க வேலை பாக்கப் போறவங்கள்ல ஒருத்தனுக்கு அழணும்னா எங்க போவான்? கதவே இல்ல. மீட்டிங் ரூமெல்லாம் கண்ணாடி. டாய்லெட் கதவுக்கு மேல ஒரு அடி, கீழ ஒரு அடி. காத்தோட்டமா?"

"காத்தோட்டம்."

"உனக்குக் காத்து மேல அப்படி என்ன பாசம்?"

மரத்தின் பின்னால் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்பத்தாறும் ஒல்லி மரங்கள். எந்த இடத்திலிருந்தும் எந்த இடத்தையும் பார்க்க முடிய வேண்டும் என்று நானே தேர்ந்தெடுத்தவை. அதற்குத் தனியாக நான்கு மதிப்பெண் தந்திருந்தார்கள்.

அண்ணனின் வாயை வரைந்து முடித்தேன். மூடிய வாய். பிறகு தாளில், குளத்தின் கரையில், ஆறடிக்கு ஆறடி ஓர் அறை வரைந்தேன். நான்கு சுவரும் கூரைவரை. ஒரு கதவு. கதவில் தாழ்ப்பாள். கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அதிகாரி தாளை வாங்கினார். அண்ணனையும் தாளையும் ஒப்பிட்டார். "மூக்கு அப்படியே இருக்கு." டிக். பேனா குளக்கரையில் நின்றது.

"இது என்ன?"

"ரூம் சார்."

"குளத்தாண்ட ஒண்ணும் இல்லையே."

"இல்ல."

"அம்மா, கட்டியபடி வரைபடம்னா கட்டினதத்தான் வரையணும். இல்லாததப் போட்டிருக்கீங்க. இது விலகல்." சட்டைப் பையிலிருந்து தன்னுடைய அழிப்பானை எடுத்து நீட்டினார். "அழிச்சுடுங்க. டிக் போட்டுட்டுக் கிளம்பறேன்."

"அழிங்க மேடம்" என்றார் ஆக்சிஜன். அவருக்கு மூச்சு வாங்கியது. "முந்நூறு பேர் மேடம். கல்யாணம் வேற வச்சிருக்காங்க."

சித்தப்பா கை தூக்கியபடியே தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். சித்தி, "என்னடி யோசிக்கற, அழிச்சுத் தொலையேன்" என்றாள். அண்ணன் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழிக்கல சார்."

"ஒரு வருஷம் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த கட்டடம் வேற யாருக்காவது போயிடும். தெரியும்ல?"

"தெரியும்."

பெருமூச்சு விட்டு, விலகல் என்ற சீலை எடுத்துக் குத்தினார். தேதி போட்டார். எழுந்தவர் பாதியில் நின்றார். மறுபடி உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உதடு அசைய ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்.

"விலகலைச் சரி பண்ணாம திறக்க முடியாது" என்றார்.

"அழிச்சாப் போச்சு" என்றார் ஆக்சிஜன்.

"கையெழுத்துப் போட்டவங்கதான் அழிக்கலாம். அவங்களுக்கு இந்த நிமிஷத்துலேர்ந்து அதிகாரம் இல்ல."

"அப்ப?"

"தாள்ல இருக்கறது எடத்துல இருந்தா விலகல் போயிடும்." புத்தகத்தை மூடினார். "கட்டிடுங்க. வேற வழி இல்ல."

ஆக்சிஜன் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, தாளை எங்களிடம் கொடுத்துவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

"நான் கையை எறக்கலாமா?" என்று சித்தப்பா கேட்டார். யாரும் சரி என்று சொல்லவில்லை. அவர் இறக்கவில்லை.

அண்ணன் தாளை இழுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான். தன் முகத்தைப் பார்க்கவில்லை. அறையைப் பார்த்தான்.

"கதவு எந்தப் பக்கம் திறக்குது?"

"உள்பக்கம்."

"அறிவு இருக்கா உனக்கு? உள்ள ஒருத்தன் தரையில உக்காந்திருந்தா இடிக்காது?"

"சரி. வெளிப்பக்கம் இருந்திருக்கணும்."

"மாத்து."

"எனக்கு அதிகாரம் இல்ல."

"எனக்கும்தான் இல்ல" என்றான் அண்ணன். பென்சிலுக்குக் கையை நீட்டினான்.